ஏழாவது கட்டம்

கடலூர் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து
ஒரு படிவம் வந்திருக்கிறது.
பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட
யாருக்கு அனுமதி, என்ன துப்பாக்கி,
எந்த மாதம் வரை.
ஆறு கட்டங்களை மற்றவர்கள் நிரப்பிவிட்டார்கள்.
ஏழாவது எனக்கு:
அதிகபட்ச தூரம், மீட்டரில். கால்நடை மருத்துவரின் கருத்து.

பேனாவைத் திறந்து அரைமணி நேரம் ஆகிறது.
மின்விசிறி படிவத்தின் ஓரத்தைத்
தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.

போன சித்திரையில்
காடாம்புலியூர் முந்திரிக்காட்டில்
ஒரு புள்ளிமானை அறுத்துப் பார்த்தேன்.
ஆண். நான்கு வயதிருக்கும்.
கொம்பின் மேல்தோல் இன்னும் உரியவில்லை.
காவலர் கலியமூர்த்தி வேப்பங்கொத்தால் ஈ ஓட்டினார்.

குண்டு போன துளையில்
என் சுண்டுவிரல் நுனி நுழையவில்லை.
உண்ணி கடித்த இடம் என்றே முதலில் நினைத்தேன்.
உள்ளே
ஈயம் கடுகுகடுகாய்ச் சிதறி
இரைப்பையைக் கிழித்திருந்தது.
நெஞ்சுவரை ஒரு துகளும் போய்ச் சேரவில்லை.
புழுக்களின் நீளத்தை அளந்து எழுதினேன்:
மூன்று நாள்.

சபாநாயகம் பிடிபட்டபோது பொய் சொல்லவில்லை.
நானூறு மீட்டர் என்றார்.
டெலஸ்கோப் வைத்த துப்பாக்கி,
ஐந்தரை மில்லிமீட்டர் குண்டு,
ஒலியைவிட இரண்டரை மடங்கு வேகம்.
"சத்தம் கேக்கறதுக்குள்ள முடிஞ்சிடும் டாக்டரம்மா.
அதுக்குத் தெரியவே தெரியாது."
காகித வட்டங்களைத் துளைத்துப்
பதக்கம் வாங்கிய கை.
மேசைமேல் அமைதியாகத்தான் கிடந்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
நான் அம்பையும் நோகிறேன்.
வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு
எடையை வீட்டில் விட்டுவந்த அம்பு.

அன்று மூன்று மணிக்கு
தேவனாம்பட்டினத்தில் கரையேறிய காற்று
முந்திரி இலைகளை உலுக்கிக்கொண்டே வந்து
அந்தச் சின்னக் குண்டை
இரண்டு சாண் தள்ளியது.
அதே அரை நொடியில் மான்
உதிர்ந்த பழமொன்றுக்காக
ஓர் அடி எடுத்து வைத்தது.
வைக்காதே என்று
யார் சொல்லியிருக்க முடியும்?

புதரை விலக்கி அங்கே போய்ச் சேர
அவருக்கு இருபது நிமிடம்.
செம்மண்.
அந்த ஊர் மண்ணில் இரத்தம் தனியாகத் தெரியாது.
தவறிவிட்டது, தப்பிவிட்டது என்று
துப்பாக்கியை உறையில் போட்டு
புதுச்சேரிக்கு வண்டியேறினார்.
தவறியது, தப்பியது.
எவ்வளவு நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன
இந்த இரண்டு சொல்லும்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.
குறிஞ்சிப்பாடி சாலையில்
லாரி ஏறிய காளைக்குப்
பாதி மருந்தை ஏற்றியவள் நான்.
மறுநாளைக்கு ஒரு வெறிநாய் காத்திருந்தது,
குப்பி ஒன்றுதான் இருந்தது.
போதும் என்று கணக்குப் போட்டேன்.
போதவில்லை.
நாற்பது நிமிடம்
அதன் கண்ணில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.
கூடவே இருந்தேன்.
அதில் பெருமை ஒன்றுமில்லை,
ஊசி கைநீளத்தைத் தாண்டாது, அவ்வளவுதான்.
தூரம் கொடுத்திருந்தால்
நானும் வண்டியேறியிருப்பேனோ என்னவோ.

நூறு என்று எழுதி அடித்தேன்.
ஐம்பது. அதன்மேலும் ஒரு கோடு.
காற்றுக்கும் விலா எலும்புக்கும்
ஒரு முந்திரிப்பழத்துக்கும்
மீட்டர் கிடையாது.

கடைசியில் முப்பது.
துப்பாக்கிக் கட்டம் என்னுடையது இல்லை என்றாலும்
அதில் ஓரமாக: ஐந்தரை கூடாது.
ஏழாவதில் இடம் போதாமல், பின்பக்கத்தில்:
சுட்டவர், விழுந்த இடம்வரை நடக்க வேண்டும்.
விழாவிட்டால்
விழும்வரை நடக்க வேண்டும்.
இருட்டினாலும்.

சாயங்காலம் தலைமை எழுத்தர் போனில்:
"மேடம், அந்த முப்பதுக்கு
ஆதாரம் என்னன்னு போடறது?"
காடாம்புலியூர், என்கிறேன்.

"அது எந்தப் பிரிவுங்க?"